ஓசாப் கடனில் தொகையை விடத் திகதிதான் ஆபத்து

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கடன் ஆலோசகராக வேலை செய்கிறேன். என்னிடம் வருகிற மாணவர் கடன் சிக்கல்களில் பெரும்பாலானவை, யாரோ ஒருவர் ஒரு திகதியைத் தவறவிட்டதில் தொடங்கியவை. பன்னிரண்டாயிரம் டொலர் கடனோடு நித்திரையில்லாமல் வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாற்பதாயிரம் கடன் இருந்தும், வருமானம் குறைவு என்பதால் ஒரு சதமும் கட்டாமல் சட்டப்படி நிம்மதியாக இருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். எந்தக் கடிதத்துக்கு எப்போது பதில் கொடுத்தார்கள் என்பதில்தான் இவர்கள் வேறுபடுகிறார்கள்.

நான் இங்கே சொல்வது ஒன்ராறியோ மாகாணத்தில் ஓசாப் என்ற மாணவர் உதவித் திட்டத்தின் வழியாக எடுக்கும் அரசுக் கடனைப் பற்றி. இது குடியுரிமை, நிரந்தர வதிவிடம் அல்லது அகதிப் பாதுகாப்பு உள்ளவர்களுக்குக் கிடைப்பது. படிப்பு விசாவில் வந்த பிள்ளைகளின் ஊர் வங்கிக் கடன் வேறு கதை. இங்குள்ள வங்கிகள் மாணவர்களுக்குத் தரும் லைன் ஒப் கிரெடிட்டும், அதாவது ஒரு வரம்புக்குள் வேண்டியபோது எடுக்கும் வங்கிக் கடனும், வேறு கதை. ஆனால் வீடுகளில் இவை எல்லாவற்றையும் சேர்த்து "படிப்புக் கடன்" என்றே சொல்கிறார்கள். குழப்பத்தில் பாதி இதில் வருகிறது.

ஓசாப் கடன் ஒரே கணக்கில், ஒரே மாதத் தவணையாகத் தெரிந்தாலும் அதற்குள் இரண்டு கடன்கள் இருக்கின்றன. ஒன்று மத்திய அரசின் பங்கு, மற்றது ஒன்ராறியோவின் பங்கு. மத்திய அரசின் பங்குக்கு 2023 ஏப்ரல் 1 முதல் வட்டியே கிடையாது. அந்தச் செய்தி வந்தபோது "ஓசாப்புக்கு வட்டி இல்லையாம்" என்று எங்கள் ஆட்கள் மத்தியில் பரவிவிட்டது. அது அரைவாசி உண்மை. ஒன்ராறியோ தன் பங்குக்கு வங்கிகளின் அடிப்படை வட்டியான பிரைம் வீதத்துக்கு மேல் ஒரு வீதம் கூட்டி இன்னும் வட்டி எடுக்கிறது. படிப்பு முடிந்து முதல் ஆறு மாதம் தவணை கட்டத் தேவையில்லை, ஆனால் அந்த ஆறு மாதத்திலும் மாகாணப் பங்கில் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். பிரிட்டிஷ் கொலம்பியா, மனிடோபா, அத்திலாந்திக் மாகாணங்கள் எல்லாம் தங்கள் பங்கின் வட்டியையும் நீக்கிவிட்டன. இத்தனை மாணவர்கள் படிக்கிற ஒன்ராறியோ இன்னும் அதைச் செய்யாதது எனக்கு ஏற்கவே முடியாத விஷயம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அரசுக் கடனில் நீங்கள் பிணை நிற்கவில்லை. விண்ணப்பத்தில் உங்கள் வருமான விபரம் கேட்டார்கள், நீங்கள் கையெழுத்தும் வைத்தீர்கள். அது பிள்ளைக்கு எவ்வளவு உதவி தரலாம் என்று கணக்குப் பார்ப்பதற்கு. பிள்ளை கட்டாவிட்டால் உங்கள் வீட்டுக்கு வரமாட்டார்கள். வங்கி லைன் ஒப் கிரெடிட்டில் கூட்டுக் கையெழுத்து வைத்திருந்தால் கதை தலைகீழ். அங்கே பிள்ளை தவறினால் வங்கி உங்களைத்தான் தேடும்.

இதைத் தெரியாமல் சில தாய் தகப்பன்மார் செய்கிற காரியம் என்னைப் பதறவைக்கிறது. பிள்ளைக்குக் கடன் இருக்கக்கூடாது, கலியாணம் பேச வேண்டும் என்று சொல்லி, வீட்டின் மேல் கடன் எடுத்தோ, மாதச் சீட்டைக் கழிவு போக அவசரமாக எடுத்தோ ஓசாப்பை ஒரேயடியாகக் கட்டிவிடுகிறார்கள். மத்திய பங்கு வட்டியில்லாத கடன். அதை வட்டிக்கு எடுத்த பணத்தால் அடைக்கிறார்கள். அத்தோடு வருமானம் குறைந்தால் கிடைக்கும் சலுகையும் போய்விடுகிறது. மாகாணப் பங்குக்குக் கட்டிய வட்டிக்கு டாக்ஸ் படிவத்தின் 31900ஆம் வரியில் கிடைக்கும் கழிவும் அதோடு சரி, ஏனென்றால் அரசுக் கடனை வங்கிக் கடனாக மாற்றிவிட்டால் அந்தக் கழிவைக் கோர முடியாது. கையில் சும்மா கிடக்கும் சேமிப்பில் கட்டுவது வேறு விஷயம், அதை நான் மறிக்கமாட்டேன்.

இனி திகதிகளுக்கு வருவோம்.

படிப்பு முடிந்து ஆறு மாதம் கழிந்ததும் தவணை தொடங்கும். தேசிய மாணவர் கடன் சேவை நிலையம் வழக்கமாக 114 மாதத்துக்குப் பிரித்துத் தவணை போடும், அதாவது ஒன்பதரை வருடம். கேட்டால் 174 மாதம் வரைக்கும் நீட்டலாம். வட்டியில்லாத 24,000 டொலரை வைத்துப் பாருங்கள். 114 மாதமென்றால் மாதம் சுமார் 210 டொலர், 174 மாதமென்றால் சுமார் 138. மத்திய பங்கைப் பொறுத்தவரை நீட்டுவதால் ஒரு சதமும் கூடாது. மாகாணப் பங்கில்தான் வட்டி கொஞ்சம் கூடும். வேலை தொடங்கிய புதிதில், வாடகையும் கார் இன்சூரன்சும் கழுத்தை நெரிக்கும்போது, அந்த 72 டொலர் பெரிய காசு. ஆனால் நீங்கள் கேட்டால்தான் தருவார்கள்.

அதையும் கட்ட முடியாதவர்களுக்குத்தான் ராப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் திருப்பிச் செலுத்தல் உதவித் திட்டம் இருக்கிறது. 2009இல் தொடங்கிய திட்டம் இது. 2022 நவம்பர் 1 முதல் விதிகள் நன்றாகவே தளர்ந்தன. தனி ஆளின் வருட வருமானம் 40,000 டொலருக்குக் கீழே இருந்தால் தவணை பூச்சியம் என்று அப்போது வைத்தார்கள். வீட்டில் ஆட்கள் கூடக் கூட அந்த வரம்பும் கூடும். அதற்கு மேல் உழைப்பவர்களிடமும் குடும்ப வருமானத்தின் 10 வீதத்துக்கு மேல் தவணை கேட்க முடியாது. முன்பு அது 20 வீதமாக இருந்தது. ஓசாப் எடுத்தவர்களுக்கு ஒரே விண்ணப்பம் இரண்டு பங்குக்கும் செல்லும்.

ராப்பில் இருப்பவரின் கடன் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் கட்டத்தில் உங்கள் தவணைக்குள் அடங்காத வட்டியை அரசு பார்த்துக்கொள்ளும். அறுபது மாதம் அந்த உதவியைப் பெற்ற பிறகோ, படிப்பு முடிந்து பத்து வருடமான பிறகோ, கடனின் முதல் தொகையையும் அரசு சிறுகச் சிறுகக் கட்டத் தொடங்கும். தகுதி தொடர்ந்து இருந்தால் படிப்பு முடிந்து 15 வருடத்தில் கடன் தீர்ந்துவிடும். மாற்றுத்திறனாளிகளுக்கு அது பத்து வருடம். இதைச் சொன்னால் "சும்மா சொல்லாதீங்கோ அண்ணா" என்று சிரிக்கிறார்கள். சும்மா சொல்லவில்லை, சட்டத்தில் இருக்கிறது.

ஆனால் இதில் ஒரு முள் இருக்கிறது. ராப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப விண்ணப்பிக்க வேண்டும்.

என்னிடம் வந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாமல் விபரங்களை மாற்றியிருக்கிறேன். சிறுவர் பராமரிப்புப் படிப்பு முடித்து டேகேர் ஒன்றில் வேலை. சம்பளம் குறைவு, ராப் கிடைத்தது, தவணை பூச்சியம். ஆறு மாதம் முடிகிற நேரம் நினைவூட்டல் வந்தது அவளுடைய பழைய கல்லூரி மின்னஞ்சலுக்கு. அந்த மின்னஞ்சலைத் திறந்து பல மாதமாகியிருந்தது. இதற்குள் கலியாணம் முடிந்து மால்வேணில் இருந்து ஏஜக்சுக்கு வீடு மாறியிருந்தாள், புது முகவரியும் கொடுக்கவில்லை. ராப் முடிந்ததும் தவணை தானாகவே பழைய வங்கிக் கணக்கில் இருந்து எடுக்கப் பார்த்தது. அந்தக் கணக்கில் காசில்லை. வங்கி ஒவ்வொரு முறையும் தண்டப்பணம் போட்டது. "அந்தக் கணக்கை நான் பாவிக்கிறதே இல்லை, அண்ணா" என்றாள். குறைந்த வருமானக்காரருக்கு அரசு அனுப்பும் ஜி.எஸ்.டி கிரெடிட் வராமல் நின்ற பிறகுதான் ஏதோ பிழை என்று விளங்கியது. அதற்குள் ஒன்பது மாதம் தாண்டிவிட்டது.

அந்த ஒன்பது மாதம்தான் எல்லாவற்றிலும் மோசமான எல்லை. 270 நாள் தவணை கட்டாமல் விட்டால் கடன் தவறிய கடனாகிவிடும். மத்திய பங்கு கனடாவின் வரி நிறுவனமான சி.ஆர்.ஏ.யின் வசூல் பிரிவுக்குப் போகும். ஒன்ராறியோ பங்கு மாகாண அரசின் வசூலுக்குப் போகும், அங்கிருந்து தனியார் வசூல் நிறுவனமும் அழைக்கலாம். ஒரே கடனுக்கு இரண்டு இடத்தில் பதில் சொல்ல வேண்டிய நிலை. டாக்ஸ் ரிபண்டைப் பிடிப்பார்கள், கிரெடிட் அறிக்கை கெட்டுப்போகும், மேற்கொண்டு படிக்க அரசு உதவி கிடைக்காது. இவற்றையெல்லாம் விடக் கொடியது, ராப்பின் கதவு மூடிவிடுவது. உதவி மிகவும் தேவைப்படுகிற நாளில் உதவிக்குத் தகுதி இல்லாமல் போகிறது.

அவளைப் பொறுத்தவரை தவணை பூச்சியம்தான். கணவருடைய வருமானத்தைச் சேர்த்துப் பார்த்தாலும், குழந்தையும் இருந்ததால், சின்னத் தொகைதான் வந்திருக்கும். கட்ட வேண்டியது கிட்டத்தட்ட எதுவுமே இல்லாத ஒரு கடனுக்கு அவள் கடன் தவறியவள் ஆனாள். சி.ஆர்.ஏ.யிடம் ஒவ்வொருவருடைய வருமானமும் இருக்கிறது. குழந்தைகளுக்கான மாதக் கொடுப்பனவை அதை வைத்துத்தானே கணக்கிட்டு அனுப்புகிறார்கள், அதற்கு யாரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை படிவம் நிரப்புவதில்லை. ராப்பையும் அப்படிச் செய்ய முடியும். செய்யாமல் இருப்பதற்கு ஏற்கத்தக்க காரணம் எதையும் நான் இதுவரை கேட்கவில்லை.

இந்த நிலையில் இருந்து மீள வழி இருக்கிறது. மத்திய பங்குக்கு, வசூல் பிரிவோடு கதைத்து இரண்டு மாதத் தவணைக்குச் சமமான பணத்தைக் கட்டி, நிலுவை வட்டியை அடைத்தாலோ, அதை முதலோடு சேர்க்க ஒப்புக்கொண்டாலோ, கடன் பழையபடி சேவை நிலையத்துக்குத் திரும்பும். திரும்பிய உடனே ராப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாகாணப் பங்குக்கு நடைமுறை வேறு, அதைத் தனியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அழைப்பு வந்தால் உடனே காசைக் கொடுத்துவிடாதீர்கள். சி.ஆர்.ஏ. என்று சொல்லிக் கிப்ட் கார்ட் கேட்பவன் கள்ளன். போனை வைத்துவிட்டு உங்கள் சி.ஆர்.ஏ. கணக்குக்குள் போய்ப் பாருங்கள்.

அடுத்தது ஏழு வருடக் கணக்கு. இதில் படித்தவர்களே ஏமாறுகிறார்கள்.

கிரெடிட் கார்ட் கடன் முற்றி வங்குரோத்து அல்லது கன்சியூமர் புரபோசல் (கடனில் ஒரு பகுதியைத் தவணையாகக் கட்டித் தீர்க்கும் சட்டப்படியான ஒப்பந்தம்) போடுகிறவர்கள் மாணவர் கடனும் அதோடு அழிந்துவிடும் என்று நம்புகிறார்கள். கனடாவின் வங்குரோத்துச் சட்டப்படி, படிப்பை நிறுத்தி ஏழு வருடம் ஆகியிருந்தால்தான் அரசு மாணவர் கடன் அழியும். ஐந்து வருடம் ஆனவர், கட்டவே வழியில்லை என்று நீதிமன்றத்தில் நிரூபித்துக் கேட்கலாம், அது இலேசான வேலை அல்ல. வங்கி லைன் ஒப் கிரெடிட்டுக்கு இந்த ஏழு வருடத் தடை இல்லை, ஆனால் கூட்டுக் கையெழுத்து வைத்த தகப்பன் தப்பமுடியாது.

எந்தத் திகதியில் இருந்து ஏழு வருடம்? இதில் நீதிமன்றங்கள் நீண்ட காலம் வேறுபட்டன. 2025 ஏப்ரலில் கனடா உச்ச நீதிமன்றம் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருந்து வந்த ஒரு வழக்கில் முடிவு சொல்லிவிட்டது. நீங்கள் கடைசியாக மாணவராக இருந்த நாள்தான் கணக்கு. ஒவ்வொரு கடனுக்கும் தனித்தனித் திகதி கிடையாது. அந்த வழக்கில், கடைசிப் படிப்புக்கு அந்தப் பெண் அரசுக் கடன் எடுக்கவே இல்லை. அப்படியிருந்தும் அந்தப் படிப்பு முடிந்த நாளில் இருந்தே எண்ணினார்கள், பழைய கடன் அழியவில்லை.

எங்கள் ஆட்களுக்கு இது நேராகவே படுகிறது. பட்டம் முடித்துப் பத்து வருடத்துக்குப் பிறகு, பாக்டரி வேலையை விட்டு வெளியே வர வேண்டும் என்று மாலை நேரத்தில் கல்லூரியில் இரண்டு பாடம் எடுப்பவர்கள் கனக்க. அது நல்ல முயற்சி. ஆனால் கடன் நெருக்கடியும் இருந்தால், பதிவு செய்வதற்கு முன் யாரிடமாவது கேளுங்கள். புரபோசல் போட்டு வருடக்கணக்காகத் தவணை கட்டி முடித்த பிறகு "மாணவர் கடன் அப்படியே இருக்கிறது" என்ற கடிதத்தைக் கொண்டு வந்து என் மேசையில் வைக்கிறவர்களுக்குச் சொல்ல எனக்கு ஆறுதல் வார்த்தை கிடைப்பதில்லை.

மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் தனி ஏற்பாடு உண்டு. சிறிய ஊர்களில் வேலை செய்தால் ஐந்து வருடத்தில் மத்திய பங்கில் மருத்துவருக்கு 60,000 டொலர் வரையும் தாதிக்கு 30,000 வரையும் கழியும். ரொறன்ரோவை விட்டுப் போகத் தயாராக இருப்பவர்கள் விசாரித்துப் பாருங்கள்.

கடைசியாக, காசு வாங்கிக்கொண்டு "அரசுத் திட்டத்தில் கடனைக் குறைத்துத் தருகிறோம்" என்று விளம்பரம் செய்கிறவர்கள். ராப் விண்ணப்பம் இலவசம், உங்கள் சேவை நிலையக் கணக்குக்குள் நீங்களே போடலாம். வங்குரோத்தோ புரபோசலோ போட, இந்த வேலைக்கென்றே உரிமம் பெற்ற டிரஸ்டி என்ற அதிகாரியால் மட்டும்தான் முடியும். பொதுவாக முதல் சந்திப்புக்கு அவர்கள் காசு எடுப்பதில்லை. போவதற்கு முன் சேவை நிலையத்துக்கு அழைத்து, உங்கள் கோவையில் படிப்பு முடிந்த திகதி என்று எது பதிவாகியிருக்கிறது எனக் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். நீங்கள் நினைக்கிற திகதியும் அவர்களிடம் இருக்கிற திகதியும் ஒன்றாக இல்லையென்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் டிரஸ்டியிடம் அதைக் காட்டுங்கள்.