மீன் வறுவலைக் கெடுப்பது நிறமல்ல, இரும்பு

மீனுக்கு வெள்ளை ஒயின்தான் என்கிறார்களே, இது அறிவியலா, வெறும் பந்தாவா என்று கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பவானிசாகர் அணை மீனை வறுத்து வைத்துக்கொண்டு பழைய படம் பார்க்கும் இரவுக்காம்.

புளிப்பின் பங்கு நமக்குப் பழக்கமானது. புளிக்குப் புளிப்பைத் தரும் டார்டாரிக் அமிலம்தான் திராட்சையிலும் முதன்மையான அமிலம். கடல் மீனின் கவுச்சிக்குக் காரணமான டிரைமெத்தில் அமீனை அமிலம் ஆவியாகாத உப்பாக மாற்றிவிடும், மூக்குக்கு எட்டாது. கட்லா, ரோகு போன்ற அணை மீன்களில் வருவது மண்வாடை. அதற்குக் காரணமான ஜியோஸ்மினும் அமிலத்தில் சிதைந்துவிடும்.

ஸ்பெயினின் வடமேற்கே, கலீசியாவின் அட்லாண்டிக் கரையில் விளையும் அல்பரீன்யோ என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயின் இந்தப் புளிப்புக்குப் பேர்போனது. கடற்காற்றின் உப்பு பழத்தில் ஏறி ஒயினில் கரிக்கிறது என்பதெல்லாம் விற்பவர்கள் பேச்சு. கடல் செய்யும் உதவி வேறு: கோடையைத் தணிக்கிறது. கடும் வெயிலில் பழம் தன் மாலிக் அமிலத்தைச் சுவாசத்திலேயே எரித்துத் தீர்த்துவிடும். தணுப்பில் அது மிஞ்சும்.

சிவப்பு ஒயின் குடித்து மீன் தின்றால் வாயில் ஏறும் அந்தக் கெட்ட வாடை எங்கிருந்து வருகிறது? சிவப்பு ஒயினுக்குத் துவர்ப்பைத் தரும் டானின் மேல்தான் வெகுகாலம் பழி. 2009இல் ஜப்பானின் மெர்சியன் ஒயின் நிறுவன ஆய்வாளர்கள் 38 சிவப்பு, 26 வெள்ளை ஒயின்களை உலர்ந்த கடற்சிப்பிச் சதையோடு சுவைக்கக் கொடுத்தார்கள். வாடையோடு கூடவே ஏறி இறங்கியது இரும்பின் அளவு! லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டினால் வாடை தூக்கலாக இருந்தது. இரும்பைப் பிடித்துக் கட்டிப்போடும் பொருளைச் சேர்த்தார்கள். அதே ஒயினில் வாடை அடங்கியது. எவ்வளவு சுத்தமான நிரூபணம்!

மீனின் கொழுப்பு காற்று பட்டு ஏற்கெனவே கொஞ்சம் ஆக்ஸிஜன் ஏறிய பெராக்சைடுகளாக மாறியிருக்கும். அவற்றுக்கு மணம் கிடையாது. ஒயினில் கரைந்திருக்கும் ஃபெரஸ் வகை இரும்பு தொட்டதும் உடைந்து, ஹெப்டாடையினல், ஆக்டினோன் முதலான ஆவியாகும் துண்டுகளாகச் சிதறுகின்றன. இத்தனையும் மெல்லும் நேரத்துக்குள், வாய்க்குள்ளேயே. ஆக, இரும்பு குறைந்த சிவப்பு ஒயின் மீனோடு ஒத்துப்போகும். இரும்பு மிகுந்த வெள்ளை கெடுக்கும். பொதுவாக வெள்ளையில் இரும்பு குறைவு, அவ்வளவுதான்.

ஒயின் கம்பெனிக்கு ஆதாயம் உண்டு, ஆய்வுக்குக் காசு கிடைத்தது. மண்சட்டி மீன் குழம்பு மறுநாள் ஏன் ருசி கூடுகிறது என்று அளந்து பார்க்க யார் தருவார்?

வீட்டிலும் இரும்பு இருக்கிறது. அமிலம் இரும்பைக் கரைக்கும் என்பதால், இரும்புக் கல்லில் மீன் கிடக்கும்போதே எலுமிச்சை பிழிய வேண்டாம். தட்டுக்கு மாற்றிய பிறகு பிழியுங்கள். காரத்தையும் குறையுங்கள். மிளகாயின் கேப்சைசின் தொடும் அதே வெப்ப உணர்வியை ஆல்கஹாலும் தூண்டுகிறது. சுமார் 42 டிகிரியில் விழிக்க வேண்டியதை 34 டிகிரியிலேயே எழுப்பிவிடும். உடல் சூடே எரிச்சலாகத் தெரியும். பள்ளிபாளையம் சிக்கனுக்கு இதனால்தான் ஒயின் ஆகாது. ஒயின் வேண்டாதவர்களுக்குச் சர்க்கரை போடாத எலுமிச்சை சோடா போதும். புளிப்பின் வேலையை அதுவும் செய்யும்.

படத்துக்கு சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' இருக்கவே இருக்கிறது: 1956இல் வந்த, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். சிக்கல் நீளம்தான். ஒயின் 8 முதல் 10 டிகிரியில் இருக்க வேண்டும். ஈரோட்டுச் சித்திரையில் ஊற்றி வைத்த டம்ளர் ஒரு பாட்டு முடிவதற்குள் சூடேறத் தொடங்கும். வெறும் ஐஸ்கட்டி வாளி போதாது, கட்டிகளுக்கு இடையே காற்று நிற்கும். பாதிக்கு ஐஸ், பாதிக்குத் தண்ணீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டு, பாட்டிலைக் கழுத்தளவு அமிழ்த்தி, ஒவ்வொரு முறையும் 75 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள்.