கல்யாணத்துக்கு முன்னால் ஓர் ஊசி

"ஃபேக்டரி சங்கு ஊதினாலும் திரும்பிப் பார்க்க மாட்டேங்கிறான், டாக்டரம்மா" என்றபடி ஐந்து மாதக் குழந்தையை மேசைமேல் கிடத்தினார் அந்தத் தாய். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். டார்ச் அடித்துப் பார்த்தேன். குழந்தையின் இரண்டு கண்மணிகளிலும் வெள்ளை படர்ந்திருந்தது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் இடைவிடாத இரைச்சல்.

கர்ப்பத் தொடக்கத்தில் காய்ச்சல் வந்ததா என்று கேட்டேன். இரண்டாம் மாதத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயனில், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருந்ததாம். அப்புறம் இவருக்கும் லேசான காய்ச்சல். முகத்தில் ஆரம்பித்து உடம்பெல்லாம் சின்னச் சின்னச் சிவப்பு. காதுக்குப் பின்னால் நெறி கட்டல். தோட்டத்தில் ஏதோ பூச்சி பட்டிருக்கும் என்று வேப்பிலை அரைத்துப் பூசியிருக்கிறார். மூன்று நாளில் எல்லாம் மறைந்துவிட, நான்காம் நாள் கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். செக்கப்புக்குப் போன இடத்தில் யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

குழந்தையின் ரத்தப் பரிசோதனை ருபெல்லா என்றது. தாய்க்கு வந்த அந்த அம்மைதான், வயிற்றிலேயே குழந்தைக்கும் தொற்றியிருக்கிறது.

தாய்க்கு மூன்று நாள் தொந்தரவு, பலருக்கு அதுகூடத் தெரியாது. ஆனால் கண்ணும் காதும் இதயமும் உருவாகிக்கொண்டிருக்கும் முதல் 12 வாரங்களில் தொற்றினால், பத்தில் எட்டு, ஒன்பது குழந்தைகள்வரை பாதிக்கப்படலாம். கரு கலைந்தும் போகலாம். 20 வாரத்துக்குப் பிறகு ஆபத்து மிகக் குறைவு. 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மார்களுக்குக் கர்ப்பத் தொடக்கத்தில் இந்த அம்மை வந்திருந்ததைக் கவனித்துத்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். தொற்றிய பிறகு வயிற்றுக் குழந்தையைக் காப்பாற்ற இன்றுவரை மருந்து கிடையாது.

தடுப்பூசி இருக்கிறது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ருபெல்லா ஊசி போட்டார்கள். அப்போது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளை நம்பிப் பிள்ளைகளை அன்று பள்ளிக்கே அனுப்பாத பெற்றோரை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. இப்போது 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று என்று அரசு இலவசமாகவே போடுகிறது.

என் கவலை வேறு. 2017இல் 15 வயதைத் தாண்டியிருந்த பெண்கள்தான் இன்று கல்யாணமாகிக் கர்ப்பம் தரிக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இந்த ஊசி போடப்படவே இல்லை. ஜாதகம் பார்க்கிறோம், மண்டபம் பிடிக்கிறோம். பெண்ணுக்கு ருபெல்லா எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்ய யாருக்கும் தோன்றுவதில்லை. பரிசோதனை வேண்டாமென்றால் நேரடியாக ஊசியே போட்டுக்கொள்ளலாம், கெடுதல் இல்லை. ஒரே ஊசி நூற்றில் 95 பேருக்கு நீண்டகாலப் பாதுகாப்பு தரும்.

இது உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமியால் ஆன ஊசி. அதனால் கர்ப்பிணிகளுக்குப் போடுவதில்லை. போட்ட பிறகு ஒரு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். தெரியாமல் கர்ப்பத்தில் போட்டுவிட்டால் கருவைக் கலைக்கத் தேவையில்லை. இந்த ஊசியால் குழந்தைக்கு இந்தப் பாதிப்பு வந்ததாகப் பதிவு இல்லை. விட்டுப்போனவர்கள் பிரசவம் முடிந்து வீடு திரும்பும் முன் போட்டுக்கொள்ளலாம். பால் கொடுப்பவர்களுக்கும் தடையில்லை.

அந்தக் குழந்தையைக் கண் அறுவைக்கும் இதய டாக்டரிடமும் காது பரிசோதனைக்கும் கோயம்புத்தூர் அனுப்பினேன். ஒரு வயதுவரைகூட இதன் எச்சிலிலும் சிறுநீரிலும் கிருமி இருக்கலாம், லயனில் இருக்கும் கர்ப்பிணிகள் தூக்கிக் கொஞ்ச வேண்டாம் என்று தாயிடம் சொன்னபோது எனக்கே தொண்டை அடைத்தது.

கூடவே அவர் தங்கை வந்திருந்தாள். 24 வயது, தை மாதம் கல்யாணம். ஐப்பசி நடந்துகொண்டிருந்தது. பரிசோதித்ததில் எதிர்ப்பாற்றல் இல்லை.

"ஊசின்னா பயம்க்கா" என்றாள்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, தங்கையின் ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டிவிட்டார்.