இரண்டு வயர் போதும் என்று யார் சொன்னது?

முந்தாநாள் ஈசூனில் ஒரு வீவக அடுக்குமாடி வீட்டுக்குப் போய்வந்தேன். வந்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த அண்ணன் ஓய்வுபெற்றவர். சின்ன வயதில் தஞ்சோங் பகார் ஸ்டேஷனில் ரயிலேறி அம்மாவோடு ஈப்போவுக்குப் போன ஞாபகம் அவருக்கு. 2011-ல் அந்த ஸ்டேஷனை மூடியதிலிருந்து, வீட்டிலாவது ஒரு ரயில் ஓட வேண்டும் என்று ஆசை. படுக்கையறையில் கட்டிலை எடுத்துவிட்டு, எச்ஓ என்ற சின்ன அளவில் டிஜிட்டல் மாடல் ரயில் மேசை போட்டிருக்கிறார். ஜன்னலோர வளைவுக்கு வந்தாலே வண்டி திணறும், பெட்டி விளக்குகள் மங்கும். எஞ்சினுக்குள் இருந்து கட்டளையைப் படிக்கும் டிகோடர் கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்று டிகோடர்கள் மாற்றிவிட்டார். போன வாரம் அதே வளைவில் வண்டி தடம்புரண்டது. தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பூஸ்டர், ஷார்ட் ஆனால் தானே அணைய வேண்டியது, டிரிப் ஆகவில்லை. அவர் அடுப்படியில் இருந்திருக்கிறார், வாடை வந்து ஓடிப்போய்ப் பார்த்தால் பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் போகி உருகித் தண்டவாளத்தோடு ஒட்டிக்கிடக்கிறது. இந்த வருடம் நான் பார்க்கும் நான்காவது கேஸ் இது.

மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அத்தனை தண்டவாளத்துக்கும் ஒரே ஒரு இடத்தில் இரண்டு மெல்லிய வயர். "டிஜிட்டல்னா ரெண்டு வயர் போதும்னு சொன்னாங்களே தம்பி" என்கிறார்.

இந்தப் பேச்சை எப்படியாவது நிறுத்த வேண்டும். தண்டவாளத்தின் வோல்டேஜைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும் பழைய டிசி முறையில் இரண்டு வண்டிகளைத் தனித்தனியாக ஓட்டத் தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சுவிட்ச் வைக்க வேண்டியிருந்தது. டிஜிட்டலில் அந்தச் சுவிட்சுகள் வேண்டாம். எங்கும் எப்போதும் முழு வோல்டேஜ் இருக்கும், வேகத்தை எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் பார்த்துக்கொள்ளும். "இரண்டு வயர்" என்று ஆரம்பத்தில் சொன்னதற்கு அவ்வளவுதான் அர்த்தம். மின்சாரம் மேசையின் கடைசி மூலைவரை குறையாமல் போய்ச்சேர வேண்டிய வேலை அப்படியேதான் இருக்கிறது, சொல்லப்போனால் டிஜிட்டலில் கூடியிருக்கிறது, ஏனென்றால் கட்டளையும் அதே மின்சாரத்தில்தான் போகிறது. தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஜாயினர் துண்டுகளை நேராகப் பிடித்து வைக்கத்தான் லாயக்கு, அதை நம்பி மின்சாரத்தை அனுப்பக் கூடாது. நம் சிங்கப்பூரில் விடியற்காலையில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். இரவில் ஏர்கான், பகலில் புழுக்கம் என்று பலகை ஊதிச் சுருங்கும்போது ஜாயினர் தளர்கிறது, உள்ளே கறுத்துப்போகிறது. அப்படிப் பத்து ஜாயினர் தாண்டி வரும் மின்சாரத்தில் என்ன மிஞ்சும்?

அந்த வளைவில் மீட்டர் வைத்தபோது 15 வோல்ட் காட்டியது. "பாருங்க, சரியாத்தானே இருக்கு" என்றார். சுமை இல்லாமல் அளந்தால் எல்லா வயரும் நல்ல வயர்தான். 21 வாட் கார் சிக்னல் பல்பு ஒன்றை அதே இடத்தில் தண்டவாளத்தில் இணைத்தேன், 10-க்கு இறங்கியது. வழியில் ஏறக்குறைய 3 ஓம் தடை என்று அர்த்தம். அப்படியென்றால் அங்கே ஷார்ட் ஆனாலும் 5 ஆம்பியருக்குக் கீழேதான் ஓடும், அவருடையதோ 5 ஆம்பியர் பூஸ்டர். அதைப் பொறுத்தவரை அது ஷார்ட்டே இல்லை, கனமான ரயில் ஒன்று ஓடுகிறது, அவ்வளவுதான். 70 வாட் சூடு வயரிலும் ஜாயினரிலும் அந்தப் பாவப்பட்ட சக்கரத்திலும் இறங்கிக்கொண்டே இருக்கும். (சாதாரண மீட்டர் டிஜிட்டல் தண்டவாளத்தில் துல்லியமாகக் காட்டாது, ஆனால் பல்பு இல்லாமலும் பல்போடும் அளந்த இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தாலே போதும்.)

டிகோடரில் கை வைப்பதற்கு முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: கோளாறு ஒரே இடத்தில் வருகிறதா, எஞ்சின் போகுமிடமெல்லாம் கூடவே போகிறதா? எல்லா வண்டியும் ஒரே இடத்தில் திணறினால் வயரிங். ஒரே எஞ்சின் எல்லா இடத்திலும் திணறினால் அதன் சக்கர அழுக்கு, மின்சாரம் எடுக்கும் தகடுகள், அதற்கும் பிறகுதான் சிவி அமைப்பு, அதாவது டிகோடருக்குள் பதியும் எண்கள். சின்ன எஞ்சின்கள் மட்டும் தடம் பிரியும் பாயிண்ட் மேல் நின்றுபோனால், அதில் தண்டவாளங்கள் குறுக்கிடும் ஃப்ராக்குக்கு மின்சாரம் போகவில்லை.

அந்த வீட்டில் அரை நாளில் வேலை முடிந்தது. மேசைக்கு அடியில் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் இரண்டு, சிவப்பும் கறுப்பும், முழு நீளத்துக்கும். ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் அதற்கு ஒரு அடிக்கு மிகாத ஃபீடர் என்ற இணைப்பு வயர், சால்டர் செய்து. ஒவ்வொரு ஃபீடர் போட்டதும் ஷார்ட் இருக்கிறதா என்று உடனே பார்த்துவிட வேண்டும், இருபதையும் போட்டுவிட்டுத் தேடினால் ராத்திரி முழுக்கத் தேட வேண்டியதுதான். பல்பை வைத்து மறுபடி அளந்தேன், 14-க்குக் கீழே இறங்கவில்லை. அவர் கழற்றி வைத்திருந்த டிகோடர்களையும் சோதித்தேன், ஒன்றுகூடக் கெட்டுப்போகவில்லை.

தண்டவாளத்தைத் தேய்க்க உப்புக் காகிதம் வேண்டாம், கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரம் படியும். எஃகுக் கம்பளி கூடவே கூடாது, அதன் இழையை மோட்டாரின் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி போதும், துடைக்கும்போது மின்சாரத்தை அணைத்துவிடுங்கள். வோல்டேஜைக் கூட்டிவைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். ஜப்பானில் வாங்கிவந்த 100 வோல்ட் கன்ட்ரோலரை நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் சொருகாதீர்கள். டிராவல் அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. போன மாதம் ஒன்று புகைந்துபோய் என் கைக்கு வந்தது.

அப்புறம், தயவுசெய்து இன்றைக்கே இதைச் செய்துவிடுங்கள். ரயிலை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, ஒரு 50 காசு நாணயத்தைத் தண்டவாளம் இரண்டையும் தொடுகிற மாதிரி வையுங்கள். பூஸ்டர் உடனே டிரிப் ஆக வேண்டும். ஒரு வினாடிக்குள் ஆகாவிட்டால் நாணயத்தைத் தட்டிவிட்டு மின்சாரத்தை அணையுங்கள், அந்த இடத்துக்கு ஃபீடர் போடும்வரை ரயில் ஓட்ட வேண்டாம். ஒரு இடத்தில் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு துண்டிலும், பாயிண்ட்டின் இரண்டு பக்கமும், கன்ட்ரோலரிலிருந்து அதிக தூரத்தில் இருக்கும் மூலையிலும் வைத்துப் பாருங்கள். ஆளில்லாத அறையில் வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டாம், பேரப்பிள்ளைகள் கேட்டாலும்.