பென்னன்ட்: வாகைக்கொடி

அமெரிக்க பேஸ்பால் பற்றித் தமிழில் எழுதுபவர்களைத் தடுமாற வைக்கும் சொல் இது. சிகாகோ கப்ஸ் அணி 1945-இல் பென்னன்ட் வென்றது. அதைச் 'சாம்பியன் பட்டம் வென்றது' என்று எழுதிவிட்டால் அடுத்த பத்தியிலேயே சிக்கல் வரும். அதே அணி 1908-க்குப் பிறகு 2016 வரை, 108 ஆண்டுகள், சாம்பியன் ஆகவே இல்லை என்பது அந்த ஆட்டத்தைத் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அந்த இடைவெளியில் கப்ஸ் வென்ற பென்னன்ட்கள் மட்டும் 7: 1910, 1918, 1929, 1932, 1935, 1938, 1945. ஆக, இரண்டும் ஒன்றல்ல.

பென்னன்ட் என்பது ஒரு லீக்கின் முதலிடம். அமெரிக்காவில் பெரிய லீக்குகள் இரண்டு: 1876-இல் தொடங்கிய நேஷனல் லீக், 1901-இல் பெரிய லீக் ஆன அமெரிக்கன் லீக். ஒவ்வொன்றிலும் முதலில் வரும் அணிக்கு ஒரு பென்னன்ட். அந்த இரண்டு அணிகளும் பருவத்தின் முடிவில் மோதுவதுதான் உலகத் தொடர். அதில் வென்றவரே அந்த ஆண்டின் சாம்பியன். 1969-இல் லீக்குகளைப் பிரிவுகளாக உடைத்த பிறகு, பிரிவுகளில் முன்னணியில் வந்த அணிகள் தமக்குள் மோதித்தான் பென்னன்டை முடிவு செய்கின்றன. அதற்கு முன்பு அப்படி எதுவும் கிடையாது. ஏப்ரலில் தொடங்கி பருவம் முடியும் வரை நீண்ட காலம் 154 ஆட்டம், 1960-களில் 162; அட்டவணையில் முதலில் நிற்பவருக்குக் கொடி. அவ்வளவுதான்.

ஆமாம், கொடிதான். பென்னன்ட் என்பதன் நேர்ப்பொருள் ஒரு வகைக் கொடி: கம்பத்தருகே அகலமாகத் தொடங்கி நுனிக்குப் போகப் போகக் குறுகும் நீளக் கொடி. இரண்டு சொற்கள் கலந்து 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் உருவானது இது. ஒன்று பென்னன், அதாவது குதிரை வீரர்கள் ஈட்டி முனையில் கட்டிய சிறு கொடி; இறகைக் குறிக்கும் லத்தீன் 'பென்னா' அதன் வேர். மற்றொன்று பெண்டன்ட், தொங்குவது. அதன் வேர் 'பெண்டேரே'. போர்க்கப்பல்களின் பாய்மர உச்சியில் பறந்த இந்தக் கொடி பிறகு ஆட்டக் களத்துக்கு வந்தது. 1871-இல் முதல் தொழில்முறைச் சங்கம் அமைந்தபோது ஒவ்வொரு அணியும் நுழைவுக் கட்டணமாக 10 டாலர் கட்டியது. அந்தப் பணத்தில் வாங்கிய கொடி வென்றவருக்கு என்பது ஏற்பாடு. அந்த ஆண்டு வென்றது பிலடெல்பியா அத்லெட்டிக்ஸ். வென்ற அணி தன் மைதானத்துக் கம்பத்தில் அந்தக் கொடியை ஏற்றிப் பறக்க விடும். அடுத்த பருவத்தில் எதிரணிகள் அதன் கீழேதான் வந்து ஆட வேண்டும்.

அந்தக் கொடிக்கு ஒரு காலத்தில் எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதற்கு 1908-ஐ விட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அந்த ஆண்டு இரண்டு லீக்கிலும் பென்னன்ட் கடைசி நாட்கள் வரை இழுத்தது. அமெரிக்கன் லீக்கில் டெட்ராய்ட் 90 வெற்றி 63 தோல்வி, கிளீவ்லாண்ட் 90 வெற்றி 64 தோல்வி. மழையால் நின்ற ஓர் ஆட்டத்தை டெட்ராய்ட் திரும்ப ஆடவே இல்லை. அந்த அரை ஆட்ட வித்தியாசத்தில் கொடி அவர்களுக்குப் போனது. நேஷனல் லீக்கில் சிகாகோ கப்ஸ், நியூயார்க் ஜயன்ட்ஸ், பிட்ஸ்பர்க் பைரட்ஸ் மூன்றும் ஒன்றையொன்று விடாமல் துரத்தின.

செப்டம்பர் 4 அன்று பிட்ஸ்பர்க்கில் கப்ஸ் தோற்றது. கடைசி ஓட்டம் எடுக்கப்பட்டபோது பிட்ஸ்பர்க்கின் வாரன் கில் முதல் தளத்திலிருந்து (ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய இடங்கள்தான் தளங்கள்) இரண்டாம் தளத்துக்குப் போகாமல் அப்படியே வெளியேறினார். கப்ஸின் ஜானி எவர்ஸ் அதைக் கவனித்துவிட்டார். விதிப்படி, கில் வருவதற்கு முன்னால் பந்தோடு ஒருவர் இரண்டாம் தளத்தைத் தொட்டால் கில் அவுட். மூன்றாவது அவுட் அப்படி விழுந்தால் ஓட்டமும் செல்லாது. நடுவர் ஹேங்க் ஓ'டே அன்று ஏற்கவில்லை. கப்ஸின் முறையீடும் தள்ளுபடி. ஏனென்றால் ஆட்டம் முடிந்ததும் ஓடிவிடுவது அன்றைய வழக்கம். யாரும் அதைப் பிடித்ததில்லை.

சரியாக 19 நாள் கழித்து, செப்டம்பர் 23 அன்று, நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். கப்ஸ், ஜயன்ட்ஸ், 1-1. ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதி, இரண்டு அவுட். ஆடுவது ஜயன்ட்ஸ்: மூன்றாம் தளத்தில் மெக்கார்மிக், முதல் தளத்தில் 19 வயது பிரெட் மெர்க்கிள். பிரிட்வெல் அடித்த பந்து நடுக்களத்தில் விழுந்தது. மெக்கார்மிக் கடைசித் தளமான 'வீடு' சேர்ந்து ஓட்டம் எடுத்தார், வென்றுவிட்டோம் என்று ரசிகர்கள் களத்துக்குள் பாய்ந்தார்கள். மெர்க்கிள் பாதி வழியில் திரும்பி உடைமாற்றும் அறைப் பக்கம் ஓடினார். எவர்ஸ் ஒரு பந்தை எப்படியோ வாங்கி, இரண்டாம் தளத்தில் கால் வைத்து நின்றார். நடுவர் அதே ஓ'டே. இந்த முறை அவர் அவுட் என்றார். ஓட்டம் செல்லாமல் ஆட்டம் சமனில் முடிந்தது.

அந்த ஒரு முடிவு பருவத்தையே மாற்றியது. எல்லா ஆட்டமும் முடிந்தபோது கப்ஸும் ஜயன்ட்ஸும் 98 வெற்றி, 55 தோல்வி என்று சமமாக நின்றன. சமனான அந்த ஆட்டத்தை அக்டோபர் 8 அன்று திரும்ப ஆட வேண்டி வந்தது. மைதானம் பிதுங்கியது. பக்கத்து மேட்டிலும் உயர்த்திக் கட்டிய ரயில் பாதையிலும் ஏறி நின்று பார்த்தார்கள். ஜயன்ட்ஸுக்குப் பந்து வீசியவர் அந்த ஆண்டு 37 வெற்றி கண்ட கிறிஸ்டி மேத்யூசன். கப்ஸின் தொடக்க வீச்சாளர் முதல் இன்னிங்ஸிலேயே தடுமாறியதும் மார்டகாய் பிரவுன் வந்தார். சிறுவயதில் விவசாய எந்திரத்தில் விரல் சிதைந்த கை அவருடையது. அந்தக் கையிலிருந்து வந்த பந்து வேறு யாருக்கும் வராத விதத்தில் வளைந்தது. மூன்றாவது இன்னிங்ஸில் ஜோ டிங்கர் மேத்யூசனின் பந்தில் மூன்று தளம் ஓடும் அடி ஒன்றை அடித்தார். கப்ஸ் 4-2 என்று வென்று பென்னன்டை எடுத்தது.

அப்புறம் நடந்த உலகத் தொடரில் கப்ஸ் டெட்ராய்டை 4-1 என்று தோற்கடித்தது. டெட்ராய்டில் நடந்த கடைசி ஆட்டத்துக்கு வந்தவர்கள் 6,210 பேர். உலகத் தொடர் வரலாற்றிலேயே மிகக் குறைந்த கூட்டம் அதுதான். நியூயார்க்கில் ஒரு லீக் ஆட்டத்துக்காக மக்கள் ரயில் பாதையில் ஏறி நின்றது அதற்கு ஆறு நாள் முன்புதான். அன்று மனசெல்லாம் பென்னன்டில்தான் இருந்தது. மெர்க்கிளோ ஆடிய காலமெல்லாம் 'மண்டூகம்' என்ற வசையைச் சுமந்தார். எல்லோரும் செய்த ஒன்றை ஒரு பத்தொன்பது வயதுப் பையன் செய்தான் என்பதற்காக அவ்வளவு பெரிய தண்டனை அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பதாகை' அகராதிப்படி பொருந்தும், ஆனால் வடமொழியிலிருந்து வந்த அந்தச் சொல் இன்று ஊர்வலத்தில் பிடிக்கும் துணிக்கும் தெருமுனை பிளெக்ஸுக்கும் போய்விட்டது. 'பதாகை வென்றது' என்றால் யாருக்கும் விளங்காது. வெறும் 'கொடி' பொதுச்சொல். 'கோப்பை' என்றால் பொருளே மாறிவிடும். 'லீக் பட்டம்' கருத்தைச் சரியாகச் சொல்லும், கொடியைத் தொலைத்துவிடும்.

என் தேர்வு 'வாகைக்கொடி'. வாகைப் பூவைச் சூடுவது வெற்றியின் அடையாளம் என்பது எல்லோருக்கும் தெரியும். தொல்காப்பியம் வாகைத் திணையைப் போர்க்களத்தோடு நிறுத்தவில்லை. அவரவர் தம் தொழிலில் மேம்பட்டு நிற்பதே வாகை என்கிறது. ஆறு மாதம் ஆடி அட்டவணையின் மேலே நிற்பதற்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் கிடைக்குமா? கொடிக்கும் சான்று உண்டு. அரண்களைக் கைப்பற்றிய ஒவ்வொரு முறையும் எடுத்த கொடிகள் மதுரைக் கடைத்தெருவில் பறந்ததை மதுரைக்காஞ்சி காட்டுகிறது. வென்றதும் கொடி ஏற்றுவது நம் மொழிக்குப் புதிதல்ல.

ஆக, 'கப்ஸ் 1908-இல் நேஷனல் லீக் வாகைக்கொடியை வென்றது, பிறகு உலகத் தொடரையும் வென்றது' என்று எழுதலாம். லீக்கின் பெயரை விட்டுவிடாதீர்கள். ஆண்டுக்கு இரண்டு கொடிகள் உண்டு. பருவக் கடைசியில் முதலிடத்துக்கு நடக்கும் துரத்தலை 'வாகைக்கொடிப் போட்டி' எனலாம். மைதானக் கடைகளில் விற்கும் கம்பளித் துணியிலான முக்கோணக் கொடிகளையும் ஆங்கிலத்தில் பென்னன்ட் என்றே சொல்கிறார்கள். அவற்றை எந்த அணியின் ரசிகரும் வாங்கலாம், வென்றிருக்க வேண்டியதில்லை. அங்கே 'முக்கோணக் கொடி' என்று எழுதினால் போதும்.