"நம் நாட்டில் ஜூரி இல்லையே" என்று சொல்பவர்களுக்கு

சில வருடங்களுக்கு முன், பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுனில் உள்ள என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு ஓர் அம்மா வந்தார். அவர் மகனைக் கொள்ளை வழக்கில் பிடித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, குற்றச்சாட்டு இன்னும் நீதிமன்றத்தில் வாசிக்கப்படவே இல்லை. ஆனால் கைவிலங்கோடு அவன் நடந்து போகும் படம் தாமான் குடியிருப்பு முழுக்க வாட்ஸ்அப் புலனக் குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தது, கீழே "கொள்ளைக் கும்பல் தலைவன் சிக்கினான்" என்று எழுதி. அனுப்பியவர்களில் பாதிப் பேர் வாராவாரம் கோயிலில் அவரோடு பேசுகிறவர்கள். "கேஸே ஆரம்பிக்கல சார், அதுக்குள்ள எல்லாரும் முடிச்சிட்டாங்களே" என்றார்.

அவன் அப்போது இருந்த தடுப்புக் காவல் என்பது போலீஸ் விசாரணைக்காக மட்டும்தான். கடுமையான குற்றம் என்று சந்தேகம் இருந்தால் முதல் விண்ணப்பத்திலேயே ஏழு நாள் வரை மாஜிஸ்திரேட் அனுமதிக்கலாம், அதற்கும் தீர்ப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

வழக்குக்கு முன்பே செய்தியும் படமும் தீர்ப்பு சொல்லிவிடுவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர், "இங்கே ஜூரியே கிடையாதே, படித்த நீதிபதி செய்தியைப் பார்த்தா முடிவு எடுப்பார்?" என்பார். 1995 ஜனவரி 1-இல் மலேசியாவில் ஜூரி முறை, அதாவது பொதுமக்களில் சிலர் குழுவாக உட்கார்ந்து குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் முறை, ஒழிக்கப்பட்டது உண்மைதான். அதற்கு முன் மரண தண்டனைக்குரிய வழக்குகளில் ஏழு பேர் உட்கார்ந்து முடிவு சொல்வார்கள். மோனா ஃபாண்டி வழக்கு பலருக்கு ஞாபகம் இருக்கும். பாடகியாக இருந்து போமோ (மந்திரவாதி) ஆனவர், கொல்லப்பட்டவர் அரசியல்வாதி, நாடே வேறு பேச்சில்லாமல் இருந்த நேரம் அது. தெமெர்லோவில் அவரைக் குற்றவாளி என்று ஒருமனதாகச் சொன்னதும் அப்படி ஓர் எழுவர் குழுதான். சாட்சியங்கள் வலுவாக இருந்தன, நான் அந்தத் தீர்ப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஏழு பேரும் காதைப் பொத்திக்கொண்டா வாழ்ந்திருப்பார்கள்?

இந்தியாவில் 1959-இல் நானாவதி வழக்கு வேறு திசையில் போனது. மனைவியின் காதலனைச் சுட்ட கடற்படை அதிகாரிக்கு ஆதரவாக பிளிட்ஸ் பத்திரிகை பிரச்சாரமே நடத்தியது, ஜூரி எட்டுக்கு ஒன்று என்று அவரைக் குற்றமற்றவர் என்றது. நீதிபதி அதை ஏற்காமல் உயர்நீதிமன்றத்துக்கு அனுப்ப, அங்கே ஆயுள் தண்டனை, 1961-இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அமெரிக்காவில் இர்வின் என்பவரின் கொலை வழக்கில் பன்னிரண்டு ஜூரர்களில் எட்டுப் பேர், விசாரணைக்கு முன்பே அவரைக் குற்றவாளி என்று நினைத்ததாக ஒப்புக்கொண்டார்கள், இருந்தாலும் நியாயமாக நடப்போம் என்றார்கள். அந்த உறுதி போதாது என்று 1961-இல் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. மறுவிசாரணையிலும் அவர் குற்றவாளி என்றே ஆனது, ஆனால் இம்முறை மரண தண்டனை இல்லை.

நியாயமாக நடப்போம் என்று அவர்கள் சொன்னது பொய் இல்லை, மனசார நம்பித்தான் சொல்லியிருப்பார்கள். பிரச்சினை நினைவு வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. ஒரு தகவல் நமக்குள் தங்கிவிடும், அது எங்கிருந்து வந்தது என்பது கழன்று போய்விடும். ஆட்களை ஜூரர்கள் போல உட்கார வைத்துச் செய்த ஆய்வுகளில், செய்தியில் மட்டும் படித்த ஒன்றை விசாரணையில் கேட்டதாகவே பலர் சொல்லியிருக்கிறார்கள். 5,755 பேர் பங்கேற்ற 44 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 1999-இல் வந்த ஆய்வும், பாதகமான செய்தியைப் படித்தவர்களே குற்றவாளி என்று சொல்ல அதிகம் சாய்ந்தார்கள் என்கிறது. நீதிபதி "அதை மறந்துவிடுங்கள்" என்று சொன்னால் சரியாகிவிடுமா? 1990-இல் வெளியான ஓர் ஆய்வில் அந்த அறிவுரை பலன் தரவில்லை, ஜூரர்கள் கூடிப் பேசியபோது சாய்வு குறையாமல் கூடியது. வழக்கைத் தள்ளி வைத்தபோது வெறும் தகவலின் பாதிப்பு தணிந்தது, உணர்ச்சியைக் கிளறிய செய்தியின் பாதிப்பு தணியவில்லை. அழுகிற தாயின் படமும் "இவனைச் சும்மா விடக்கூடாது" என்ற குரலும் அவ்வளவு ஆழமாக இறங்குகின்றன.

நீதிபதி தனியாகத் தீர்ப்பு சொல்லும்போது ஏன் அப்படி முடிவு செய்தார் என்று எழுத்தில் காரணம் தர வேண்டும், மேல்முறையீட்டில் அதை வரி வரியாகக் கேள்வி கேட்கலாம். ஜூரி காரணம் சொல்வதில்லை. ஆக, இங்கே ஒரு பாதுகாப்பு இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர் நீதிபதி இல்லை. நம்மில் ஒருவர். அவரும் அதே புலனக் குழுவில்தான் இருக்கிறார்.

அந்த அம்மாவின் மகன், அந்தத் தம்பியின் வழக்கில் நடந்தது இதுதான் (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்). இரவில், மங்கலான வெளிச்சத்தில், சில நொடிகள் மட்டுமே பார்த்த முகத்தை ஒரு சாட்சி அடையாள அணிவகுப்பில் (பலரை வரிசையாக நிறுத்தி ஆளைக் காட்டச் சொல்வது) தயங்காமல் காட்டினார். அவர் பொய் சொல்லவில்லை, நல்ல மனிதர். முந்தின நாளே படத்தைப் பார்த்திருந்தார், எந்த முகம் எங்கே பார்த்தது என்பது அவருக்கே பிரித்துத் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. "போலீசிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டான்" என்று செய்தி வரும், படித்ததும் கதை முடிந்தது என்று தோன்றும். ஆனால் நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 113-ஆம் பிரிவுப்படி, பொதுவான குற்ற வழக்குகளில் போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்தை அரசுத் தரப்பு அவனுக்கு எதிரான ஆதாரமாக வைக்க முடியாது. நீதிமன்றம் கேட்கவே கூடாத ஒன்றை நாம் காலை ரொட்டி சானாயோடு படித்துவிட்டு நம்புகிறோம். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை சம்பந்தப்பட்டிருந்தால் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம், 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டத்தில் ஐந்தாண்டு வரை சிறை இருக்கிறது. அப்படிப் படம் வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

உங்கள் வீட்டில் யாரையாவது பிடித்துப் படம் பரவினால், குழுவில் சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். நாள், நேரம், குழுவின் பெயர் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வழக்கறிஞரிடம் கொடுங்கள், அப்புறம் அழித்துவிட்டால் கிடைக்காது. அந்தத் தம்பியின் அக்கா அப்படி ஒன்றை எடுத்து வைத்திருந்தார். அணிவகுப்புக்கு முந்தின நாள் மாலை, அந்தச் சாட்சியும் இருந்த குழுவில் வந்த படம். குறுக்கு விசாரணையில் அதைக் காட்டியபோது அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆமா, இதைப் பார்த்தேன்" என்றார்.