பீரோவில் பூட்டிவைத்த கேமரா புதுசு இல்லை

பழைய ஃபிலிம் கேமராக்களைச் சரிசெய்வது என் வேலை. போன வாரம் கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு பெண் வந்தார். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. சேர்த்த பணத்தில் யாஷிகா மேட் 124ஜி ஒன்றை, மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் உள்ள பழைய ஃபிலிம் கேமராவை, இணையத்தில் பார்த்து வாங்கியிருக்கிறார். விற்றவர் எழுதியிருந்தது இதுதான்: "அப்பாவோட கேமரா. 30 வருஷமா பீரோவுலதான் இருந்துச்சு, யாரும் தொடவே இல்ல. புதுசு மாதிரி இருக்கும்." தோல் உறைகூடப் பளபளவென்று இருந்தது. மூன்று ரோல் ஃபிலிம் வாங்கி, விடியற்காலையில் புதுச்சேரி ஒயிட் டவுனில் சுற்றிச் சுற்றி எடுத்திருக்கிறார். மொத்தம் 36 படம். எல்லாவற்றிலும் பால் ஊற்றியது போல வெளுப்பு, அதற்குப் பின்னால் கலங்கலாக மஞ்சள் சுவர்கள்.

"நான்தான் சரியா எடுக்கலையாண்ணா?" என்று கேட்டார்.

அவர் சரியாகத்தான் எடுத்திருக்கிறார். மழைக்காலம் முடிந்ததிலிருந்து இதே கதையோடு என் மேசைக்கு வந்த ஏழாவது கேமரா அது. ஏழு பேரும் ஒரே வார்த்தையை நம்பி ஏமாந்திருக்கிறார்கள்: "தொடவே இல்ல."

கேமராவைத் திறந்து பார்த்தேன். வெளிச்சத்தை உள்ளே விடும் கதவான ஷட்டர், 1/60 நொடி என்று வைத்தால் 1/8 நொடி வரைக்கும் திறந்தே நின்றது. கலர் நெகட்டிவ் இரண்டு, மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) வெளிச்சம் கூடினாலும் தாங்கிக்கொள்ளும். கை ஆடுவதை எந்த ஃபிலிமும் தாங்காது. 1/60இல் கையில் பிடித்து எடுத்ததாக அவர் நினைத்த படமெல்லாம் உண்மையில் 1/8இல் எடுத்தவை. கலங்கலுக்குக் காரணம் அது. வெளுப்புக்குக் காரணம் வேறு. கீழ் லென்ஸின் உள்பக்கம் முழுக்க ஃபங்கஸ், சிலந்தி வலை மாதிரி.

"தொடாத கேமரா" என்பது ஒரு தகுதியே இல்லை. எத்தனை முறை சொன்னாலும் யார் மனதிலும் ஏறாத விஷயம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குடியில்லாத வீடு பாழாகும் என்று நம் பெரியவர்களுக்குத் தெரியும். ஆறு மாதம் ஏற்றாத குத்துவிளக்கில் மிச்சமிருந்த எண்ணெய் என்ன ஆகிறது? பிசுக்காகி, நகத்தால் சுரண்டினாலும் வராது. யாஷிகா மேட்டின் ஷட்டருக்குள் இருக்கும் பல்சக்கரங்கள் கடுகு அளவுதான், அதில் எண்ணெயும் ஊசிமுனை அளவுதான். அது 30 வருடத்தில் கோந்தாகிவிடும். ஃபோகஸ் நகரும் இடத்து கிரீஸும் இறுகிவிடும். அக்ஃபா ஐசோலெட் மடக்கு கேமராக்களில் அந்தப் பச்சை கிரீஸ் சிமென்ட் போலப் பிடித்துக்கொண்டு லென்ஸைத் திருப்பவே முடியாமல் செய்வது ஊருக்கே தெரிந்த கதை. பின்மூடி ஓரத்தில் வெளிச்சம் புகாமல் ஒட்டியிருக்கும் கறுப்பு ஃபோம், தொட்டால் தார் மாதிரி விரலில் வரும். இதற்கெல்லாம் யாரும் கேமராவைத் தொட வேண்டியதே இல்லை. தொடாமல் விட்டதால்தான் இத்தனையும் நடக்கிறது.

நம் ஊர் வேறு கடற்கரை ஊர். புதுச்சேரியிலும் கடலூரிலும் காற்றில் ஈரம் இல்லாத மாதம் எது? அந்தத் தோல் உறையைப் பத்திரம் என்று நினைக்கிறார்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு லென்ஸ் பக்கத்திலேயே நிறுத்திவைக்கும். பீரோவுக்குள் இருட்டு, காற்றோட்டம் கிடையாது. ஃபங்கஸ் வளர இதைவிடத் தோதான இடத்தை நாமாகத் தேடினாலும் அமைக்க முடியாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் கரை கடந்தபோது வீட்டுக்குள் தண்ணீர் வந்து, பீரோவின் கீழ்த்தட்டு நனைந்த வீடுகள் எத்தனை! அந்தக் கேமராக்கள் துடைத்து, பாலிஷ் போட்டு, இப்போதுதான் விற்பனைக்கு வருகின்றன.

"துடைச்சா போயிடும்ல?" என்பது அடுத்த கேள்வி. மேலாக வளர்ந்தது போகும். ஆனால் ஃபங்கஸ் தூசி இல்லை, உயிருள்ள பூஞ்சை. அது கக்கும் அமிலம் லென்ஸ் மேலிருக்கும் கோட்டிங்கை அரிக்கும், நாள்பட்டால் கண்ணாடியையே அரிக்கும். அந்தத் தழும்பு எதனாலும் போகாது. வெயிலில் வைத்தால் பூஞ்சை செத்துப்போகலாம், தழும்பு அப்படியேதான் இருக்கும்.

பழைய ஸ்டூடியோக்காரர் ஒருவர் 20 வருடம் கல்யாண வீடுகளுக்குத் தூக்கிச் சென்ற கேமரா ஒன்று கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்ல மாட்டேன், ஆனால் முதலில் அதைப் பாருங்கள். பெயின்ட் உரிந்து உலோகம் தெரியும். உறை கிழிந்திருக்கும். ஆனால் அவருக்கு அது சோறு போட்ட பொருள், அதனால் சர்வீஸ் ஆகியிருக்கும். ஊட்டியில் 'இந்து' (Indu) என்ற பெயரில் ஃபிலிம் தயாரான நாளில், '120' என்ற அளவு ரோல் போட்டு ஓட்டிய இரட்டை லென்ஸ் கேமரா ஒன்று போன மாதம் என்னிடம் வந்தது. பார்க்கச் சகிக்காது. ஷட்டர் 1 நொடியிலிருந்து 1/250 வரை கிட்டத்தட்டத் துல்லியம். இப்படி உழைத்த கேமராவில் ஃபிலிம் சுற்றும் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம், அதை மட்டும் ஒரு கறுப்பு வெள்ளை ரோல் போட்டுப் பார்த்துவிட வேண்டும். கழுவிய நெகட்டிவில் படங்களுக்கு நடுவே இடைவெளி சீராக இருக்கிறதா, ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். பென்டகான் சிக்ஸ், கியெவ் 60 வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள், அவற்றுக்கு இது பிறவி நோய்.

சரி, எப்படிப் பார்த்து வாங்குவது?

விற்பவர் அனுப்பும் படத்தில் மேல் லென்ஸ் மின்னும். அது நீங்கள் பார்ப்பதற்கு மட்டும். படம் எடுப்பது கீழ் லென்ஸ். அதைக் காட்டச் சொல்லுங்கள். பின்மூடியைத் திறந்து, அபர்ச்சரை (லென்ஸுக்குள் இருக்கும் துவாரத்தை) முழுக்க விரித்து, அழுத்தும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும் 'பி' நிலையில் ஷட்டரைத் திறந்து பிடித்து, பின்னாலிருந்து மொபைல் டார்ச் அடித்து முன்னாலிருந்து எடுத்த படம் வேண்டும். சாதாரண வெளிச்சத்தில் தெரியாத வலையும் வெண்புகையும் அப்போது தெரியும். "டைம் இல்ல, வேணும்னா வாங்குங்க" என்று சொன்னால் விட்டுவிடுங்கள்.

ஷட்டர் "அடிக்குது" என்பது சோதனை ஆகாது. 1/500இல் எல்லா ஷட்டரும் அடிக்கும். 1 நொடி, 1/2, 1/15 எல்லாம் வைத்து அடிக்கச் சொல்லுங்கள், நோய் அங்கேதான் ஒளிந்திருக்கும். நேரில் போனால் மொபைலில் நொடிக்கு 240 ஃப்ரேம் ஸ்லோமோஷன் வைத்து, பின்மூடியைத் திறந்து லென்ஸ் வழியாகத் தெரியும் ஜன்னல் வெளிச்சத்தைப் படம் பிடியுங்கள். 1/30 என்றால் வெளிச்சம் 8 ஃப்ரேம், 1/15 என்றால் 16 ஃப்ரேம் தெரிய வேண்டும். 1/15இல் 30 ஃப்ரேம் தெரிந்தால் சர்வீஸ் செலவைக் கழித்து விலை பேசுங்கள். செல்ஃப் டைமரை மட்டும் தொடாதீர்கள். லென்ஸுக்குள் இதழ்களாக இருக்கும் பழைய லீஃப் ஷட்டர்களில் பாதி அங்கேதான் சிக்கி என்னிடம் வருகின்றன.

124ஜியில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் ஊசி ஆடுகிறது என்று விலையைக் கூட்டுவார்கள். அந்த மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தது, அது இப்போது வருவதில்லை. 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் ஊசி ஆடும், கணக்கு தப்பும். மொபைல் மீட்டர் ஆப் போதும்.

ஹாசல்பிளாட் 500சி/எம் வாங்குகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: லென்ஸும் பாடியும் இரண்டும் சுற்றி ஏற்றிய நிலையில் இருந்தால்தான் லென்ஸைக் கழற்ற வேண்டும், மாட்ட வேண்டும். சிக்கிக்கொண்டால் யூடியூப் பார்த்து ஸ்க்ரூடிரைவர் விடாதீர்கள். பென்டக்ஸ் 67இல் மீட்டர் பிரிஸத்தை (மேலே மாட்டும், மீட்டர் உள்ள வியூஃபைண்டரை) மாட்டிவிட்டுத்தான் லென்ஸ் மாட்ட வேண்டும், மாற்றிச் செய்தால் உள்ளே இருக்கும் மெல்லிய சங்கிலி அறுந்துவிடும். மாமியா ஆர்பி67க்கு பேட்டரியே வேண்டாம், உறுதியான கேமரா. பின்பக்க ஃபோம் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோள். ஷட்டர் மெதுவாக ஓடினால் வீட்டில் இருக்கும் தையல் மெஷின் எண்ணெயை விடாதீர்கள். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், டபிள்யூடி-40யும் வேண்டாம். எண்ணெய் ஷட்டர் இதழ்களில் பரவினால் ஒட்டிக்கொண்டு திறக்கவே திறக்காது. இந்தக் கேமராக்களுக்கு உதிரி பாகம் புதிதாக வருவதில்லை. ஒன்றைச் சரிசெய்ய இன்னொரு செத்த கேமராவிலிருந்துதான் எடுக்கிறோம். நம் ஊரில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா வீடுகளிலிருந்து அபூர்வமாக செம்ஃப்ளெக்ஸ் என்ற பிரெஞ்சு இரட்டை லென்ஸ் கேமரா ஒன்று வரும், பெர்த்தியோ லென்ஸோடு. அப்படி வந்த ஒன்றில் யாரோ எண்ணெயை ஊற்றியிருந்தார்கள். அதை மீட்க எனக்கு இரண்டு மாதம் ஆனது.

வாங்கிய பிறகு தோல் உறையைத் தனியே எடுத்து வையுங்கள். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் போட்டு, அதில் கேமராவை வையுங்கள். நிறம் மாறியதும் வறுத்துத் திரும்பப் போடுங்கள். அரிசிப் பானை வேண்டாம், அதன் மாவுத்தூசி உள்ளே போகும். மாதம் ஒருமுறையாவது எடுத்து, எல்லா வேகத்திலும் நாலு முறை அடியுங்கள். ரோல் மாட்டும்போதும் கழற்றும்போதும் நிழலில் நில்லுங்கள், சுற்று தளராமல் கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். தளர்ந்த ரோலில் ஓரமெல்லாம் வெளிச்சம் புகும்.

அந்தப் பெண்ணின் கேமராவில் ஷட்டர் இப்போது சரியாகிவிட்டது. லென்ஸைத் துடைத்தேன், முக்கால்வாசி வந்தது, நடுவில் ஒரு தழும்பு மட்டும் இருக்கும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன், எதிர்வெயிலில் அது வெளுக்கும். சர்வீஸ் கூலியையும் கழுவக் கொடுத்த காசையும் சேர்த்தால், நல்ல நிலையில் உள்ள ஒன்றையே வாங்கியிருக்கலாம்.

பணம் கட்டும் முன் கேமராவையோ, டார்ச் அடித்த அந்தப் படத்தையோ எனக்குக் காட்டுங்கள். என்னிடம் முடியாவிட்டால் உங்கள் ஊரில் ஃபிலிம் கேமரா பார்க்கத் தெரிந்த யாரிடமாவது காட்டுங்கள். பார்த்துச் சொல்வதற்கு நான் காசு வாங்குவதில்லை.