பாஸ்போர்ட் ரெடி, பாப்பாவின் முதுகைப் பார்த்தீர்களா?

குன்னூரில் குழந்தைகள் மருத்துவம் பார்க்கிறேன். கோத்தகிரி, மஞ்சூர் பக்கத்து ஊர்களிலிருந்துகூட இப்போது கைக்குழந்தையோடு லண்டன், டொராண்டோ, துபாய் என்று கிளம்புகிறார்கள். கிளம்பும் முன் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டுதான்: வாந்திக்கு என்ன மருந்து, அங்கே குளிர் தாங்குமா. நீலகிரிக் குளிரில் வளரும் பிள்ளைக்குக் குளிர் பெரிய விஷயமில்லை, ஸ்வெட்டரும் குல்லாவும் பழகினதுதான். நம் வீட்டில் யாரும் கண்டுகொள்ளாத ஒன்று அங்கிருக்கும் டாக்டர் கண்ணுக்கும் டீச்சர் கண்ணுக்கும் எப்படித் தெரியும் என்பதைத்தான் நான் யோசிக்கச் சொல்வேன்.

முதலில் முதுகு. நம் குழந்தைகளில் நிறையப் பேருக்குப் பிறக்கும்போதே பிட்டத்திலும் இடுப்புக்குப் பின்னாலும், சிலருக்குத் தோளிலும்கூட, நீலம் பாய்ந்த மாதிரி ஒரு திட்டு இருக்கும். மங்கோலியன் ஸ்பாட் என்போம். நிறமி செல்கள் தோலின் அடியில் தங்கிவிடுவதால் வருவது. வலி கிடையாது, வைத்தியமும் வேண்டாம், பள்ளிக்கூடம் போகிற வயதில் பெரும்பாலும் மங்கிவிடும். வெள்ளைக்காரக் குழந்தைகளிடம் இது அபூர்வம். அதனால் காப்பகத்தில் டயபர் மாற்றுகிறவருக்கு அது அடிபட்டுக் கன்றிய இடமாகத் தெரியலாம். பிரிட்டனில் இன்னும் தவழாத குழந்தையின் உடம்பில் கன்றல் இருந்தால் லேசில் விடமாட்டார்கள், குழந்தைகள் பாதுகாப்புத் துறை வரை தகவல் போகும். கெட்ட எண்ணமில்லை, அவர்கள் வேலையே அது. கன்றல் என்றால் சில நாளில் பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி மறையும். இந்தத் திட்டு மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். ஆனால் அது தெளிவாகிற வரைக்கும் பெற்றோர் படுகிற பாட்டை யோசியுங்கள். எந்த இடத்தில், எத்தனை சென்டிமீட்டர், பிறந்ததிலிருந்து இருக்கிறது என்று உங்கள் டாக்டரிடம் ஆங்கிலத்தில் எழுதி முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். போட்டோவும் எடுத்து வையுங்கள்.

நம்மை மட்டும்தான் இப்படிச் சந்தேகப்படுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 1997-ல் நியூயார்க்கில் ஒரு டென்மார்க் தாய், குழந்தையைத் தள்ளுவண்டியோடு உணவகத்துக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்தார். அவர் ஊரில் அது அன்றாடப் பழக்கம், குளிர்காலத்தில்கூட குழந்தையை வெளியில் தூங்க வைப்பார்கள். நியூயார்க் போலீஸ் அவரைக் கைது செய்தது. குழந்தை சில நாள் அரசுப் பராமரிப்பில் இருந்தது. (நம் மலையில் அப்படி விட்டால் போலீஸுக்கு முன்னால் கரடி வந்துவிடும், அது வேறு கதை.)

அடிக்கிற விஷயத்தில் தயவுதாட்சண்யமே கிடையாது. ஸ்வீடன் 1979-லேயே பெற்றோர் அடிப்பதைத் தடை செய்துவிட்டது. நார்வே 1987, ஜெர்மனி 2000, ஸ்காட்லாந்து 2020, வேல்ஸ் 2022. கடையில் அடம்பிடிக்கும் பிள்ளை முதுகில் லேசாக ஒன்று வைப்பதுகூட அங்கே சட்டப் பிரச்சினை. இங்கேயும் அடிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன், யார் கேட்கிறார்கள்?

அதைவிட எனக்கு உறுத்துவது, "போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துடுவேன்" என்று மிரட்டுவது. விமான நிலையத்தில் வழி தவறிய பிள்ளை போக வேண்டிய இடமே அந்தச் சீருடைதான். அதைக் கண்டு ஓடினால் என்ன செய்வது? டாக்டர் ஊசி போட்டுவிடுவார் என்ற மிரட்டலும் இதே ரகம். அதன் பலனை நான் தினமும் அனுபவிக்கிறேன்.

அப்புறம் பாட்டி கட்டித்தரும் பை. குருமாப் பொடியில் கசகசா இருந்தால் அமீரகத்துக்குக் கொண்டுபோகவே கூடாது, அங்கே அது தடைப்பட்ட போதைப்பொருள் வரிசையில் வருகிறது. அமெரிக்காவில் வசம்பை உணவில் சேர்க்க 1968-லேயே தடை. ஈயம் கலந்த கண்மை, சுர்மாவுக்கும் அனுமதியில்லை. திருஷ்டிப் பொட்டு வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் உள்ளங்காலில் வையுங்கள், அதுவும் ஈயமில்லாத மையாக.

கார் சீட்டை இங்கேயே பழக்குங்கள். மடியில் உட்கார்ந்தே மலை இறங்கிப் பழகிய பிள்ளை, அங்கே முதல் நாளே சீட்டில் கட்டினால் ஊரைக் கூட்டும். பிரிட்டனில் 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், எது முதலில் வருகிறதோ அதுவரை கட்டாயம். நம் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமும் 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. ஒரு எச்சரிக்கை: தடிமனான ஜெர்கினுக்கு மேல் பெல்ட் போட்டால் பிடிமானம் இருக்காது. ஜெர்கினைக் கழற்றி, பெல்ட்டை இறுக்கி, மேலே போர்வை போர்த்துங்கள்.

விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். குன்னூர் 1,850, ஊட்டி 2,240. ஆக, பறக்கிற நேரமெல்லாம் பிள்ளைக்குச் சொந்த ஊர்தான். காது வலிப்பது இறங்கும்போது. பர்லியார் தாண்டி மேட்டுப்பாளையம் போகையில் காது அடைக்குமே, அதேதான். அந்த நேரத்தில் பால் கொடுங்கள், விழுங்க விழுங்க காது திறக்கும். பொது இடத்தில் பால் கொடுக்கத் தயங்குகிற அம்மாக்களுக்கு: பிரிட்டனில் 2010 சமத்துவச் சட்டப்படி உங்களை யாரும் எழுந்து போகச் சொல்ல முடியாது.

அங்கே சளி, காய்ச்சல் என்று போனால் ஊசியோ ஆன்டிபயாட்டிக்கோ எதிர்பார்க்காதீர்கள். 6 வயதுக்குக் கீழே கடையில் வாங்கும் சளி, இருமல் மருந்து வேண்டாமென்று பிரிட்டன் 2009-லேயே சொல்லிவிட்டது. தண்ணீர், பாரசிட்டமால், ஓய்வு என்று அனுப்பிவிடுவார்கள். டாக்டர் சரியில்லை என்று அர்த்தமில்லை. பாரசிட்டமால் சிரப்பின் வீரியம் நாட்டுக்கு நாடு மாறும். இங்கே 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ளதும் கிடைக்கிறது, அமெரிக்காவில் 160. பழைய மில்லி கணக்கை அப்படியே கொடுக்காமல் பாட்டிலைப் படித்து, எடைக்கு ஏற்றபடி கேட்டுக் கொடுங்கள்.

தடுப்பூசி அட்டையை ஆங்கிலத்தில் எழுதி வாங்கும்போது பொன்னுக்குவீங்கி, சின்னம்மை இரண்டையும் கேளுங்கள். நம் அரசு அட்டவணையில் இவை இல்லை, ஆனால் அமெரிக்கப் பள்ளிகளில் கேட்பார்கள். தவணைகளுக்கு நடுவே இடைவெளி வேண்டும். டிக்கெட் போட்ட வாரமே வந்தால் நல்லது. பெட்டி கட்டி முடித்துவிட்டு வந்தால் என்னால் ஒரு தவணைதான் போட முடியும்.